கறுப்பு எளிமையின் நிறமா?
17-ஆம் நூற்றாண்டு டச்சுப் பெரிய மனிதர்கள் ஓவியங்களில் கறுப்பு உடையில் நிற்பது அவர்களுடைய மத எளிமையைக் காட்டுகிறது என்று ஒரு கட்டுரையில் படித்ததைப் பாதிதான் ஏற்க முடிகிறது. அந்தக் காலத்தில் நல்ல கறுப்பு காசுள்ளவர்களின் நிறம். துணியை முதலில் அடர்நீலத்தில் தோய்த்து, அதன்மேல் வேறு சாயம் ஏற்றினால்தான் கறுப்பு நிற்கும். மலிவான வழியில் போனால் சீக்கிரமே பழுப்படிக்கும், துணியும் இற்றுப்போகும். சாயத்தொழில் இவ்வளவு வளர்ந்த பிறகும் நான் வாங்கிய கறுப்பு வேட்டி நாலாவது துவையலில் தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டது. அப்போது எப்படி இருந்திருக்கும்! அப்புறம், "எல்லாரும் ஒரே மாதிரி விறைப்பாக நிற்கிறார்கள்" என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1654-இல் வரைந்த யான் சிக்ஸ் ஓவியத்தை அவர் ஒருமுறை பார்க்கட்டும். சிக்ஸ், துணி, சாயத் தொழிலில் பணம் சேர்த்த குடும்பத்துப் பிள்ளை, 1691-இல் ஆம்ஸ்டர்டாம் மேயரானவர். போட்டிருப்பதோ சாம்பல் கோட்டு, ஒரு தோளில் சிவப்பு மேலங்கி. எங்கோ கிளம்புகிறவர் போலக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். முகத்தைப் பொறுமையாக வரைந்த ரெம்பிராண்ட், கைகளை நாலு வீச்சில் முடித்துவிட்டார். மேலங்கியில் வரிசையாக இறங்கும் தங்கப் பட்டைகளைக் கவனியுங்கள், ஒவ்வொன்றும் அகலத் தூரிகையின் ஒரே இழுப்பு. இந்தப் படம் இன்றும் அந்தக் குடும்பத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது.