சிவப்புப் பட்டையை எதற்கெல்லாம் போடுவது?

ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். மேலே மஞ்சள் பட்டை: எங்கள் புதிய ஆப் வந்துவிட்டது. அதன் கீழே நீலப் பட்டை: குக்கீக்கு அனுமதி கொடுங்கள். அதற்கும் கீழே இன்னொன்று: இன்றிரவு பராமரிப்புப் பணி, பணம் கட்ட முடியாது. நமக்கு வேண்டியது அந்த மூன்றாவதுதான். ஆனால் அதற்குள் கை தானாகவே எல்லாவற்றையும் மூடிவிட்டிருக்கும்.

வெப் டிசைன் செய்கிற நண்பர்களுக்கும் அவர்களிடம் வேலை வாங்குகிற மேலாளர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். பயனர் இப்போது செய்துகொண்டிருக்கிற வேலையைப் பாதிக்கிற செய்தி இருந்தால் மட்டும் அலர்ட் பேனர், அதாவது இந்த எச்சரிக்கைப் பட்டை, வரட்டும். விளம்பரம் போட இணையப் பக்கத்தில் வேறு எவ்வளவோ இடம் இருக்கிறது.

இது ரசனை சார்ந்த விஷயம் இல்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் பென்வேயும் லேனும் 1998-லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். இணையப் பக்கத்தில் ஏதோ ஒன்றைத் தேடி வருகிறவர்கள், பெரிதாகப் பளிச்சென்று இருக்கிற பேனரைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். 'பேனர் பிளைண்ட்னஸ்', அதாவது பேனர் கண்ணில் படாமல் போவது, என்ற பெயர் அப்போது வந்தது. பிரிட்டன் அரசுத் தளங்களுக்கான வடிவமைப்புத் தொகுப்பான டிசைன் சிஸ்டம், நோட்டிஃபிகேஷன் பேனர் என்கிற அறிவிப்புப் பட்டையைத் தானே செய்து கொடுத்துவிட்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை, சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்றும் சொல்கிறது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். புலி வருது, புலி வருது என்று தினமும் கத்தினால், நிஜப் புலி வரும் நாளில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

சரி, அவசியமான இடத்தில்தான் பட்டை வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன எழுதியிருக்கிறது? பணம் கட்டுகிற பக்கத்தில் 'ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது, மீண்டும் முயலவும்' என்று வரும். கணக்கிலிருந்து பணம் போய்விட்டதா, இல்லையா? மறுபடி கட்டினால் இரண்டு முறை போய்விடுமா? அந்த நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான், பட்டை அதற்கு வாயைத் திறப்பதில்லை. 'உங்கள் பணம் எங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று வங்கி இன்னும் உறுதி செய்யவில்லை. இப்போது மறுபடி கட்ட வேண்டாம். நிலவரத்தை இங்கே பார்க்கலாம்' என்று எழுதினால் மனிதருக்கு உயிர் வரும். ஆனால் இதை எழுத, எந்த இடத்தில் தடைபட்டது என்பதை சர்வர் பிரித்துச் சொல்ல வேண்டும். எல்லாத் தோல்விக்கும் ஒரே பதிலை அனுப்புகிற பேக்எண்டை, அதாவது சர்வரில் ஓடுகிற நிரலை, வைத்துக்கொண்டு, நல்ல வாசகம் எழுதித் தா என்று டிசைனரிடம் கேட்பது நியாயமே இல்லை.

அந்த வாசகம் சில நொடிகளில் தானாக மறைந்துவிடுவது அடுத்த கொடுமை. மெதுவாகப் படிப்பவர்கள், திரையைப் பெரிதாக்கிப் படிப்பவர்கள் என்ன செய்வார்கள்? பிழைச் செய்தி, படித்தவர் மூடும்வரை நிற்க வேண்டும். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக 'பிழை' என்ற சொல்லும் அங்கே இருக்கட்டும்.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளில் பார்வையற்றவர்கள் கேட்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பல டீம்கள் சோதித்தே பார்ப்பதில்லை. பட்டையின் ரோலை, அதாவது அது எப்படிப்பட்ட செய்தி என்று நிரலில் குறிக்கிற அடையாளத்தை, 'அலர்ட்' என்று போட்டால், படித்துக்கொண்டிருப்பதை இடைமறித்து உடனே சொல்லும். பணம் கட்டுவது தோற்றுப்போனால் அது சரி. 'சேமிக்கப்பட்டது' என்பதற்கெல்லாம் இடைமறிக்க வேண்டாம். அதற்கு 'ஸ்டேட்டஸ்' ரோல் இருக்கிறது, வாக்கியம் முடியும்வரை காத்திருந்து சொல்லும். இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டி நெறிகளான, 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1-இல் இப்படிப்பட்ட நிலைச் செய்திகளுக்கென்றே 4.1.3 என்ற விதி இருக்கிறது. இன்னொன்று, பக்கம் திறக்கும்போதே உள்ளே இருக்கிற அலர்ட்டைப் பல ஸ்கிரீன் ரீடர்கள் தானாக அறிவிப்பதில்லை. காலியான பெட்டியை முதலில் வைத்துவிட்டு, செய்தியை அப்புறம் அதற்குள் போடுவதுதான் நம்பகமான வழி. என்விடிஏ என்கிற ஸ்கிரீன் ரீடர் இலவசம்தான், நிறுவி ஒருமுறை காதால் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்குகிற செய்தி தமிழில் இரண்டு மூன்று வரி ஆகும். பட்டையின் உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து பூட்டிவிட்டால், வினைச்சொல் இருக்கிற கடைசி வரிதான் வெட்டுப்படும். 'கட்ட வேண்டும்' என்றதா, 'கட்ட வேண்டாம்' என்றதா என்பதே தெரியாது. பக்கத்தின் நிரலில் இருக்கிற மொழி அடையாளத்தையும் தமிழ் என்று குறியுங்கள். ஆங்கிலம் என்றே விட்டுவைத்தால், ஸ்கிரீன் ரீடரின் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் குதறிவிடும், அல்லது மொத்தமாகத் தாண்டிப் போய்விடும்.