யன்னலோரக் கவிதைகளும் நம்முடைய ஊரடங்கும்

நோய்க்காலக் கவிதை என்றாலே ஒரு யன்னல் வந்துவிடுகிறது. யன்னலுக்கு வெளியே ஆளில்லாத தெரு, மின்கம்பியில் ஒரு குருவி, மேசையில் ஆறிப்போன தேநீர். கடைசி வரியில் இயற்கை நிம்மதியாக மூச்சு விடும். கொரோனா வந்த நாளிலிருந்து இந்த ஒரே கவிதையை எத்தனை பேருடைய பெயரில் வாசித்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

முன்னுரை கேட்டு என்னிடம் வந்திருக்கும் கையெழுத்துப் பிரதியிலும் அது இருக்கிறது. எழுதியவர் மட்டக்களப்புப் பிள்ளை, இது முதல் தொகுப்பு. அச்சாகும் முன்னே பெயரைச் சொல்வது முறையல்ல. காதல், பயணம், பெருந்தொற்று என்று மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறார். அவரிடம் நேரில் சொன்னவற்றைத்தான் அவருடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். இந்தச் சிக்கல் அவர் ஒருவருடையது அல்ல.

ஒரு கவிதை, வாழ்வில் முதன்முறையாகத் தெரு அடங்கிப்போனதைக் கண்டதாகச் சொல்கிறது. மகள், எந்தத் தெரு? 2020 மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போட்டபோது, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21 இரவும் இதே தெரு அடங்கித்தான் கிடந்தது. அதற்கு முந்திய யுத்தகால ஊரடங்குகளை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். ஊரடங்கு தளர்ந்த சில மணி நேரத்துக்குள் அரிசி, மண்ணெண்ணெய், மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வித்தையை எங்கள் தாய்மாருக்குக் கொரோனாவா கற்றுக்கொடுத்தது? இந்தமுறை கொழும்பும் சேர்ந்து அடைபட்டுக் கிடந்தது. புதினம் அவ்வளவுதான். மட்டக்களப்பிலிருந்து எழுதும் ஒருவர் தெருவின் அமைதியைப் பார்த்து வியந்தால், அவர் தன் தெருவைப் பார்த்து எழுதவில்லை, யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வேன்.

ஆனால் இதே பிள்ளை எழுதிய ஒரு காதல் கவிதையை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். 2021 மே மாதத்தில், அடையாள அட்டையின் கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஒற்றைத் திகதியிலும், இரட்டை என்றால் இரட்டைத் திகதியிலும் மட்டுமே வெளியே போகலாம் என்று ஒரு விதி வந்ததே, நினைவிருக்கிறதா? அவனுக்கு ஒற்றை, அவளுக்கு இரட்டை. அவன் நேற்று நின்ற மருந்துக்கடை வரிசையில் அவள் இன்று நிற்கிறாள். இவ்வளவுதான் கவிதை. நிலாவும் இல்லை, கண்ணீரும் இல்லை. சாதகப் பொருத்தம், சாதிப் பொருத்தம் எல்லாம் பார்த்துக் களைத்த ஊரில் அரசாங்கம் இலக்கப் பொருத்தமும் பார்க்க வைத்துவிட்டது. அந்த விதியும் நிலைக்கவில்லை, அதே மாதம் 21ஆம் திகதி இரவோடு முழுப் பயணக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கவிதை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பயணப் பகுதியில் எல்ல மலை இருக்கிறது, உதயதேவி ரயில் இருக்கிறது, அந்த ரயிலுக்கும் ஒரு யன்னல் இருக்கிறது. வாசிக்க இதமாகத்தான் இருக்கின்றன, எவரும் எழுதக்கூடியவை. அந்த நாட்களில் பயணம் என்றால் என்ன? வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு வயல் பார்க்கப் போவதற்கு அனுமதிப் பத்திரம். தென்கொரியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு புணானைத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குப் போன பஸ்கள். அந்த நிலையம் பல்கலைக்கழகம் என்று கட்டிய கட்டடம், அங்கே வந்து தங்கியவர்கள் அவர்கள்.

அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடி. கோவிட்டால் இறந்தவர்களை, அடக்கம் செய்யும் வழக்கமுள்ள முஸ்லிம்களானாலும், எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் கொண்டுவந்த கட்டாயத் தகன விதியை 2021 பெப்ரவரி வரை விடாப்பிடியாக வைத்திருந்தார்கள். பிறகு அடக்கம் செய்யலாம் என்றார்கள், ஆனால் ஓட்டமாவடியில் மட்டும். 2021 மார்ச் 5 முதல் ஒரு வருட காலம், நாட்டின் எந்த மூலையில் கோவிட்டால் இறந்தாலும், அடக்கம் என்றால் சூடுபத்தினசேனை மஜ்மா நகர் மண்தான். கொழும்பில் பிறந்து கொழும்பிலேயே வாழ்ந்து முடித்தவர், வாழ்நாளில் பெயர்கூடக் கேட்டிராத ஓர் ஊருக்கு இராணுவக் காவலோடு வந்து சேர்ந்தார். அந்த வாகனத்தை நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்த மனைவிக்கு எந்தப் பகுதியில் இடம் கொடுப்பது? காதலிலா, பயணத்திலா, பெருந்தொற்றிலா?

தொகுப்பில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அது முஸ்லிம்களின் துயரம், நமக்கென்ன என்று விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, எழுதப் பயமாக இருந்தது என்றார். நான் கேள்விப்பட்ட சாக்குகளில் இது நேர்மையானது. ஆனாலும் அது நம்முடைய மாவட்டத்து நிலம். அதைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகிறோம்.

இன்னொன்று. கொள்ளை நோய்க்குப் பாட்டுக் கட்டுவது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்தி பாடுகிறோமே, எதற்கு? அம்மையும் வெப்பு நோயும் ஊரை விட்டு நீங்கத்தானே. 2020 வைகாசியிலும் 2021 வைகாசியிலும் அந்தச் சடங்குக்கே ஊர் கூட முடியாமல் போனது. நோயை விரட்டும் பாட்டை நோயே தடுத்துவிட்டது. ஒரு கவிஞருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வயல் வட்டைக்குப் போன மச்சானை நினைத்து நான்கு வரியில் கவி பாடிய பெண்கள் வாழ்ந்த மண் இது. பிரிவை எழுத நமக்கு வெளியூர் யன்னல் தேவையில்லை.

முன்னுரை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். மூன்று பகுதிகளைக் கலைத்து ஒன்றாக அடுக்கச் சொன்னேன். யன்னல் கவிதைகளை எடுத்துவிட்டு, ஓட்டமாவடியை எழுதத் துணிவு வந்தால் அதையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். அவருக்கு என் மேல் கொஞ்சம் கோபம். பரவாயில்லை, அவசரமும் இல்லை. அச்சகத்தில் கடதாசிக்குச் சொல்லும் விலையைப் பார்த்தால் எப்படியும் புத்தகம் இந்த வருடம் வரப்போவதில்லை.