மந்தத்தில் நிறுத்திய ரிங் பிரேம் (நூல் நூற்கும் மெஷின்) ஆர்டர் வந்ததும் ஏன் படுத்துகிறது?

2022 மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டபோது, தமிழ்நாட்டில் பல மில்கள் பஞ்சு வாங்குவதை நிறுத்தின. 2023 ஜூலையில் சிறு, நடுத்தர மில்கள் உற்பத்தியையே நிறுத்துவதாக அறிவித்தன. இப்படி ஒவ்வொரு மந்தத்திலும் நஷ்டத்தை மட்டும்தான் கணக்குப் பார்க்கிறோம். மெஷின் கோளாறு வருவது அதற்கு அப்புறம், ஆர்டர் குவியும்போது.

காரணம் புரியாததில்லை. மில் பாதிதான் ஓடினாலும் ஒப்பந்த மின்தேவையில் 90 சதவீதத்துக்காவது டிமாண்ட் சார்ஜ் (மின்சாரத்துக்கான நிலைக் கட்டணம்) கட்டியாக வேண்டும். வங்கி வட்டியும் நிற்காது. வெட்டுவதற்குக் கையில் அகப்படுவது ஸ்டோர்ஸ் பில்தான், அதாவது உதிரிபாகம், எண்ணெய்ச் செலவு. காட்ஸ் (இழையை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை) பஃபிங், அதாவது தேய்த்துச் சமப்படுத்தும் வேலை, தள்ளிப்போகும், தேய்ந்த டிராவலரே (ரிங்கில் சுற்றி நூலை வழிநடத்தும் சின்னக் கம்பி) இன்னும் ஒரு வாரம் ஓடும், ஸ்பின்டில் (நூல் சுற்றும் கதிர்) எண்ணெய் அடுத்த மாதத்துக்குப் போகும். வேகம் குறைவாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. 18,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் நூல் அறுப்பு எகிறும். 100 ஸ்பின்டிலுக்கு மணிக்கு 3, 4 அறுப்பு என்று இருந்தது 8 ஆனால், அதே சைடர் (அறுந்த நூலை ஒட்டும் தொழிலாளி) இரண்டு மடங்கு ஒட்ட வேண்டும். மந்தத்தில் ஊருக்குப் போன கைதேர்ந்தவர்கள் திரும்பாத நேரம் அது. ஒட்டாத ஸ்பின்டிலின் இழையெல்லாம் நியூமாஃபில் (காற்றால் உறிஞ்சும்) கழிவுப் பெட்டிக்குத்தான் போகும்.

பஞ்சு இருப்பைக் குறைப்பது இன்னும் மோசம். மூன்று மாதச் சரக்கு பதினைந்து நாளுக்குச் சுருங்கினால், மிக்சிங்கில் (பஞ்சைக் கலக்கும் இடத்தில்) பஞ்சு பேல்களைப் பார்த்துப் பொறுக்கி வைக்க வழியில்லை. மிக்சிங்குக்கு மிக்சிங் மைக்ரோனேர் (பஞ்சு இழையின் நயத்தைக் காட்டும் அளவு) சராசரி 0.2க்கு மேல் மாறினால், சாயம் போட்ட பின்னலாடைத் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். திருப்பூரிலிருந்து துணி திரும்பி வரும்போது, அந்த நூல் சுற்றி வாரக்கணக்கு ஆகியிருக்கும்.

ஸ்டோர்ஸ் பில்லில் கை வைக்கவே கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. நிற்கிற பிரேமை ஓவர்ஹால் செய்ய உற்பத்தி இழப்பே கிடையாது. ஃபிட்டரை லீவில் அனுப்பாமல் அந்த வேலையில் போடுங்கள்.

நிறுத்தும்போது டாப் ஆர்ம் (காட்ஸை அழுத்திப் பிடிக்கும் கை) அழுத்தத்தைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் காட்ஸ் ஒரு பக்கம் தட்டையாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் தடிப்பு விழும். ரிங்கிலும் கார்டிங் (பஞ்சைச் சீவும் மெஷின்) கம்பியிலும் துரு ஏறாமல் பாருங்கள், மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். திரும்ப ஓட்டும் முன் மோட்டாருக்கு மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ஸ்பின்டில் எண்ணெயை மாற்றி, புது டிராவலர் போட்டு, முதல் நாள் 10 முதல் 15 சதவீதம் வேகம் குறைத்தே ஓட்டுங்கள். ஹியூமிடிட்டி பிளான்டை முன்கூட்டியே போட்டு, ரிங் பிரேம் ஹாலில் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு வந்த பிறகு ஸ்டார்ட் பட்டனைத் தொட்டால் போதும்.