அரைக் குருவும் கடலை மாலையும்

புதன்கிழமை இரவு. கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் மாமா செல்போன் வெளிச்சத்தில், ஊறின கொண்டைக்கடலையை ஊசியில் கோர்த்துக்கொண்டிருக்கிறார். விடிந்தால் தட்சிணாமூர்த்திக்கு இருபது மாலை போக வேண்டும். பக்கத்தில் அக்கா மகன் கதிர், அண்ணாந்தபடி.

கதிர்: அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்க மாமா. உங்க நட்சத்திரம் பூரட்டாதிதானே?

மாமா: ஆமாம். ஜாதகம் பார்த்தவர் எல்லாரும் பெருமூச்சு விட்ட நட்சத்திரம்.

கதிர்: உச்சியில் பாருங்க, கட்டில் கால் மாதிரி நாலு. மேற்குப் பக்கத்து ரெண்டு கால்தான் பூரட்டாதி. ரெண்டுக்கும் நடுவே, கட்டிலைவிட்டு உருண்டு விழுந்த மாதிரி மங்கலாக ஒன்று தெரியுதா?

மாமா: கண்ணாடி கீழே இருக்கு. தெரியுதுன்னே வச்சுக்கோ.

கதிர்: அதுதான் 51 பெகாசி. நம்ம சூரியன் மாதிரியே ஒரு சூரியன். அதை ஒரு பெரிய கிரகம் சுற்றுவதை 1995-இல் கண்டுபிடித்தார்கள். மிஷேல் மயோர், டிடியே கெலோஸ் என்று ரெண்டு சுவிட்சர்லாந்துக்காரர்கள், பிரான்சில் இருக்கிற டெலஸ்கோப்பை வைத்து. 2019-இல் நோபல் பரிசே கிடைத்தது.

மாமா: கிரகத்தைப் பார்த்ததுக்கு நோபலா? எங்க ஜோசியர் பார்க்காமலே சொல்லுவார்.

கதிர்: இவங்களும் பார்க்கவில்லை மாமா! சின்ன வயசில் என் ரெண்டு கையையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றுவீங்களே, அப்போ நீங்களும் லேசாகத் தள்ளாடுவீங்க இல்லையா? இருட்டில் உங்க தள்ளாட்டத்தை மட்டும் பார்த்து, கையில் ஒரு பையன் இருக்கிறான் என்று சொன்ன மாதிரி.

மாமா: நான் தள்ளாடினால் உங்க அத்தை வேற காரணம் சொல்லுவா.

கதிர்: அந்த நட்சத்திரம் நம்மைப் பார்த்து வரும்போது வெளிச்சம் துளி நீலமாக நகரும், விலகும்போது சிவப்பாக. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும். அந்தக் கிரகம் நாலேகால் நாளில் ஒரு சுற்று. கெலோஸ் முதலில் கருவிதான் கெட்டுப்போச்சு என்று பயந்துவிட்டார். நம்ம வியாழன் ஒரு சுற்று வர 12 வருஷம் ஆகுதே!

மாமா: வியாழனா? அட, பூரட்டாதிக்கு அதிபதியே குருதான்டா!

கதிர்: இது அரைக் குரு. எடை வியாழனில் பாதியாவது இருக்கும். பேரே டிமிடியம், லத்தீனில் 'பாதி'.

மாமா: அதுதான் என் வீட்டுச் சுவர் பாதியிலேயே நிற்குது. சரி, அந்த அரைக் குருவுக்குப் பெயர்ச்சி எப்போ?

கதிர் (விரல் விட்டு எண்ணி): நாலேகால் நாளில் 12 ராசி... எட்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை.

ஊசி நின்றது.

மாமா: ஒரு நாளைக்கு மூணு குருப்பெயர்ச்சியா? இங்கே வருஷத்துக்கு ஒண்ணு வந்து, அன்னைக்கு விற்கிற கடலை மாலையில்தான் தீபாவளிக்குத் துணியே எடுக்கிறேன்! எவ்வளவு தூரம்?

கதிர்: ஒளி போகவே அம்பது வருஷம். நீங்க பிறந்தப்போ கிளம்பின வெளிச்சம்தான் இப்போ வந்து சேருது.

மாமா: பரவாயில்லை, பசங்க போய்ச் சேரட்டும்.

கதிர்: அங்கே சூடு ஆயிரம் டிகிரி மாமா. அதுக்கும் அதன் சூரியனுக்கும் உள்ள தூரம், நமக்கும் நம்ம சூரியனுக்கும் உள்ள தூரத்தில் இருபதில் ஒரு பங்குதான்.

மாமா: அப்போ வறுகடலையாகவே கோர்த்துடலாம், ஊறவைக்கிற வேலை மிச்சம்.

கதிர்: நாலு நாளுக்கு ஒரு தடவை புதுவருஷம் பிறக்குமே, பரவாயில்லையா?

மாமா: பிறக்கட்டுமே, நல்லதுதானே... இரு, வருஷம் பிறந்தால் கடை வாடகை ஏறுமே?

கதிர்: ஏறும்.

மாமா: நாலு நாளுக்கு ஒரு தடவையா?

கதிர்: ஆமாம்.

மாமா: லைட்டைப் போடு. இன்னும் பதினோரு மாலை இருக்கு.