காலியாகக் கிடந்த இன்குபேட்டர்களும் நம் இறுதியாண்டு ப்ராஜெக்ட்களும்

பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்களுக்கு வழிகாட்டுபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மருத்துவத் தொழில்நுட்பத்தில் ஸ்டார்ட்அப் தொடங்கும் ஆர்வத்தோடு ஆண்டுதோறும் மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த சென்சார், எந்தச் செயலி என்பது முன்பே முடிவாகியிருக்கும். அதை எந்த நோயாளிக்குப் பொருத்துவது என்பதுதான் பாக்கி. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது எடை குறைந்த பச்சிளங்குழந்தைகளுக்கான கருவி ஒன்றைச் செய்வதற்காக ராகுல் பணிக்கரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய எம்ப்ரேஸ் நிறுவனத்தைத்தான்.

ராகுல் சென்னை ஐஐடியில் மின்பொறியியல் படித்தவர். பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தது ஒளியிழைத் தகவல்தொடர்பு பற்றி. பச்சிளங்குழந்தை மருத்துவத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 2007இல் அங்கு நடந்த வடிவமைப்பு வகுப்பு ஒன்றில் ஜேன் சென், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி ஆகியோருடன் அவர் சேர்ந்தபோது, வளரும் நாடுகளுக்கு ஏற்ற மலிவான இன்குபேட்டர் (குறைமாதக் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் மின்பெட்டி) ஒன்றை உருவாக்குவதே அவர்களுக்குத் தரப்பட்ட பணி. ஒரு இன்குபேட்டரின் விலை 20,000 டாலர் வரை போகும் என்பதால், எந்தப் பாகத்தை நீக்கினால் விலை குறையும் என்று அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் லைனஸ் நேபாளத்துக்குப் போனார். காத்மாண்டு மருத்துவமனை ஒன்றில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடப்பதைக் கண்டு காரணம் கேட்டார். குறைமாதக் குழந்தைகள் பெரும்பாலும் தொலைவில் உள்ள கிராமங்களில் பிறக்கின்றன, மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் இறந்துவிடுகின்றன என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மின்சாரம் இல்லாத வீட்டிலும், மலைப்பாதையில் தாயின் கையிலும் குழந்தையை எப்படிச் சூடாக வைத்திருப்பது என்பதுதான் உண்மையான கேள்வி என்று குழுவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை, குழந்தையைப் பொதிந்து வைக்கும் சிறிய உறக்கப்பை. அதன் உள்ளே மெழுகு போன்ற ஒரு பொருள் அடைத்த உறை இருக்கும். அந்த உறையைச் சூடாக்கினால் உள்ளிருப்பது உருகும். மீண்டும் கெட்டியாகும்போது, உருகுகையில் உள்வாங்கிய உள்ளுறை வெப்பத்தை வெளிவிட்டு, 4 முதல் 6 மணி நேரம் வரை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். 2.5 கிலோவுக்கும் குறைந்த எடையோடு பிறக்கும் குழந்தையின் உடலில் போதிய கொழுப்பு இராது என்பதால், வளர்வதற்குச் செலவாக வேண்டிய சக்தியெல்லாம் சூட்டைக் காத்துக்கொள்வதிலேயே போய்விடும். அதைத் தடுக்க நம் பிளஸ் டூ இயற்பியல் பாடமே போதுமானதாக இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நான் மாணவர்களிடம் மிகவும் வலியுறுத்துவது அடுத்து நடந்ததைத்தான். மாதிரிக் கருவியை இந்தியக் கிராமம் ஒன்றுக்கு எடுத்துச் சென்று, உறையை 37 டிகிரி வரை சூடாக்கும்படி விளக்கியபோது, 30 டிகிரியோடு நிறுத்திக்கொள்வேன் என்றார் ஒரு தாய். ஆங்கில மருந்து வீரியமானது, டாக்டர் ஒரு ஸ்பூன் கொடுக்கச் சொன்னால் அரை ஸ்பூன்தான் கொடுப்பேன், இதுவும் அப்படித்தான் என்பது அவருடைய நியாயம். அந்தத் தாயை அறியாதவர் என்று ஒதுக்காமல், எண்கள் காட்டிய வெப்பமானியை எடுத்துவிட்டு, சூடு போதுமா போதாதா என்று மட்டும் காட்டும் அடையாளத்தை வைத்தார்கள். எந்த ஆய்வகத்தில் எத்தனை மாதம் உட்கார்ந்திருந்தாலும் இந்தப் பிழை கண்ணில் பட்டிருக்காது.

வகுப்பு முடிந்ததும் கருவி தயாராகிவிடவில்லை. 2008இல் அமைப்பாகப் பதிந்து, பெங்களூருக்குக் குடிபெயர்ந்து, 2011இல்தான் கருவியை வெளியிட முடிந்தது. வகுப்பில் 25 டாலர் என்று எண்ணிய விலை, சந்தைக்கு வந்தபோது 200 டாலரை ஒட்டி இருந்தது. இதைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. மருத்துவக் கருவிக்கு வேண்டிய தரச் சோதனைகளையும் நோயாளிகளிடம் செய்யும் ஆய்வுகளையும் செலவில்லாமல் செய்ய முடியாது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துகளுக்கான சட்டத்தின் கீழ் வந்துவிட்டன என்பதையே அறியாமல் வணிகத் திட்டம் எழுதுகிற மாணவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாயின் வெறும் மார்போடு குழந்தையை அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்புக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, பிறந்தவுடனே அதைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று காட்டியது. தாயால் அணைத்துக்கொள்ள முடியாத நேரத்துக்குத்தான் பை. தன் கருவி எங்கே தேவையில்லை என்பதையும் சொல்லத் தெரிந்த பொறியாளரைத்தான் மருத்துவர்கள் நம்புவார்கள்.

நம் கல்லூரிகளில் இறுதி ரிவ்யூவில் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறோம். மாணவர் யாரிடம் பேசினார், எந்த வார்டில் நின்று பார்த்தார், அதனால் எதை மாற்றினார் என்று கேட்பதில்லை. தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே ஒவ்வொரு குழுவும் அனுமதி பெற்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சில வாரங்கள் இருந்துவிட்டு வரவேண்டும், அங்குள்ள செவிலியர் ஒருவர் தலைப்புத் தேர்விலும் ரிவ்யூவிலும் நம்மோடு உட்கார வேண்டும் என்று எங்கள் துறையில் கேட்டிருக்கிறேன். மற்றக் கல்லூரி ஆசிரியர்களும் தத்தம் துறைகளில் இதைக் கேட்க வேண்டுகிறேன்.