மரம் திரும்ப வளரும், சரி. எப்ப வளரும்?

காட்டு மரத்த எரிச்சு கரண்ட் எடுக்கிறது சுத்தமான எனர்ஜின்னு யாராச்சும் சொன்னா நான் முதல்ல கேக்குறது, மரத்துல எந்த பாகத்த எரிக்கிறீங்க? இதுக்கு நேரா பதில் சொல்றவங்க ரொம்ப கம்மி.

எரிக்கிறப்ப போற கார்பன புதுசா வளர்ற மரம் இழுத்துக்கும், அதனால கணக்கு நேராயிடும்னு சொல்றாங்க. நேராகும்தான், ஆனா எத்தனை வருஷம் கழிச்சு? முழு மரம் எரிய சில மணி நேரம், அதே அளவு திரும்ப வளர பல பத்து வருஷம், அதுவரைக்கும் அந்த கார்பன் மேலதான் நிக்கும். இன்னொன்னு, ஒரே அளவு வெப்பத்துக்குப் பாத்தா கட்டை நிலக்கரிய விடவே அதிகமா கார்பன் டை ஆக்சைடு விடுது. ஐ.நா.வோட காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி கணக்குல ஒரு கிகா ஜூல் (சக்திய அளக்குற அலகு) வெப்பத்துக்கு கட்டைக்கு 112 கிலோ, நிலக்கரிக்கு 95 கிலோ பக்கம், இயற்கை எரிவாயுக்கு 56 கிலோதான்.

அப்புறம் ஏன் எரிக்கிற இடத்துல புகைக்கூண்டு வழியா போற கார்பன் பூஜ்யம்னு எழுதுறாங்கன்னா, மரம் வெட்டுன நாடு தன்னோட காடு, நிலத்துக்கான கார்பன் கணக்குல அந்த இழப்பக் காட்டணும், ரெண்டு தடவ எண்ணக்கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. இங்கிலாந்துல டிராக்ஸ் மின் நிலையம் நிலக்கரிய விட்டுட்டு கட்டை பெல்லட்டுக்கு (மரத்த தூளாக்கி அழுத்தி செஞ்ச சின்ன உருளைங்க) மாறுச்சு, அந்த பெல்லட்ல பெரும்பகுதி அமெரிக்கால இருந்து கப்பல்ல வருது. எரியுறது ஒரு நாட்டுல, கணக்கு இன்னொரு நாட்டுல. எரிக்கிறவங்களுக்கு அது இலவசம் மாதிரி தெரியுது பாருங்க, அதுதான் எனக்கு பயமா இருக்கு.

அதுக்காக பயோமாஸே, அதாவது மரம், செடி மாதிரி எரிபொருளே வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. மர மில்லுல விழுற தூள், பட்டை, சீவல் இதெல்லாம் எரிக்கலன்னாலும் சில வருஷத்துல மக்கி அதே கார்பன விடத்தான் போகுது, அத அந்த மில்லுலயே எரிச்சு கட்டைய உலர்த்துற சூட்டுக்கும் சேத்து பயன்படுத்துனா மனசார வரவேற்பேன். வெறும் கரண்ட் மட்டும் எடுத்தா எரிபொருள்ல இருக்குற சக்தியில பாதிக்கு மேல சூடா வீணாப் போயிடும், சூட்டையும் சேத்து எடுத்தா 80 சதவீதம் வரைக்கும் கைக்கு வரும். வித்தியாசம் எவ்ளோன்னு பாருங்க!

ஆனா "கழிவு"ங்கிற வார்த்தைய காட்டுக்குள்ள கொண்டு போறப்பதான் கோவம் வருது. விழுந்து கிடக்குற பட்ட மரம் கழிவா? அதுலதான் பூஞ்சை, வண்டு, மரங்கொத்தி எல்லாம் பொழைக்குது. இலையிலயும் சின்ன கிளையிலயும்தான் சத்து அதிகம், அதையும் வழிச்சு எடுத்துட்டா அடுத்த மரம் எத தின்னு வளரும்?

2023ல ஐரோப்பிய யூனியன் தன்னோட புதுப்பிக்கத்தக்க எனர்ஜி சட்டத்த திருத்துனப்ப, மில்லுல அறுக்கத் தோதான தடிய, அடிக்கட்டைய, வேர எரிச்சு எனர்ஜி எடுக்க நேரடி மானியம் கிடையாதுன்னு கொண்டு வந்தாங்க. லேட்டுதான், ஆனா சரியான இடத்துல கை வெச்சிருக்காங்க. இனி எந்த பிளான்ட்டா இருந்தாலும் உள்ள வர்ற ஒவ்வொரு லாரிலயும் தூள் எவ்ளோ, முழு தடி எவ்ளோன்னு பிரிச்சு எழுதி பொதுவுல வெக்கட்டும், அத பாத்துட்டு அப்புறம் மானியம் பத்தி பேசுவோம்.