எங்கே இருந்து வந்தவர்?

வந்தவர்: அண்ணே, ஒன்பது வளைவுப் பாலத்துக்கு எவ்வளவு?

ஓட்டோக்காரர்: அதைத் தாண்டித்தான் தம்பி வந்திருக்கிறீர்கள். இது பதுளை.

வந்தவர்: எல்ல இல்லையா?

ஓட்டோக்காரர்: எல்ல முடிந்து, தெமோதரை முடிந்து, ஹாலிஎலயும் முடிந்தது. இனித் தண்டவாளமே கிடையாது. தெமோதரையில் கோச்சி மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கிற குகை வழியாக வருமே, அப்போதும் எழும்பவில்லையா?

வந்தவர்: நல்ல நித்திரை அண்ணே. கொழும்பில் விடிய ஏறினது.

ஓட்டோக்காரர்: பதுளைக்குச் சுற்றுலா வருகிற எல்லாரும் நித்திரையில்தான் வருகிறார்கள்.

வந்தவர்: இங்கே என்ன இருக்கிறது?

ஓட்டோக்காரர்: நாங்கள் இருக்கிறோம்.

வந்தவர்: இல்லை, பார்க்கிறதுக்கு.

ஓட்டோக்காரர்: ஏறுங்கள். இதோ இந்தத் தேவாலயம், வெள்ளைக்கார மேஜர் ஒருவரின் நினைவாகக் கட்டியது. ரொஜர்ஸ் என்று பெயர். இங்கே அரசாங்க அதிகாரி. ஆயிரத்துக்கும் மேல் யானை சுட்டவராம். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்துப்போனார்.

வந்தவர்: ஐயோ பாவம்.

ஓட்டோக்காரர்: யார், யானையா? நுவரெலியாவில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதிலும் இடி விழுந்தது என்று சொல்வார்கள். யானைக்கு மட்டுமில்லை, வானத்துக்கும் ஞாபக சக்தி உண்டு.

வந்தவர்: நன்றாகப் பேசுகிறீர்கள் அண்ணே. நீங்கள் எங்கே இருந்து வந்தவர்?

ஓட்டோக்காரர்: பசறையில் இருந்து. காலையில் வந்தேன்.

வந்தவர்: அதற்கு முதல்?

ஓட்டோக்காரர்: அதற்கு முதல் நித்திரை. உங்களை மாதிரித்தான்.

வந்தவர்: இல்லை அண்ணே, ஆதியில்?

ஓட்டோக்காரர்: ஆதியில் பசறையில் ஒரு தோட்டத்து லயம், தொழிலாளர் வரிசை வீடு. எட்டுக் காம்பரா, எங்களுடையது கடைசி.

வந்தவர்: அது இல்லை. உங்கள் ஆட்கள். இந்தியாவில் எந்தப் பக்கம்?

(இந்தக் கேள்வியை என்னிடம் பஸ்ஸில் கேட்டிருக்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறார்கள், ஒருமுறை செத்த வீட்டிலும். கேட்கிறவர் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இருக்காது. அதுதான் எரிச்சல்.)

ஓட்டோக்காரர்: தம்பி, பதுளைக்குக் கோச்சி எப்போது வந்தது தெரியுமா? 1924இல். என் பாட்டனுக்குப் பாட்டன் கோப்பிக் காலத்திலேயே இங்கே வந்துவிட்டார். அவருக்குப் பிறகு வந்த கோச்சி உள்ளூர்க் கோச்சி. நான் வந்தவனா?

வந்தவர்: சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

ஓட்டோக்காரர்: 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டபோதும் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். அப்பா எங்கே பிறந்தார், தாத்தா எங்கே பிறந்தார், பத்திரம் எங்கே என்று. லயத்துக் காம்பராவில் பிறந்தவருக்கு யார் பத்திரம் எழுதினார்கள்? அப்புறம் 1964இல் இரண்டு நாடும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தன. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பத்து வருஷம் என் அப்பா ‘பிறகு பார்க்கலாம்’ என்கிற நாட்டில்தான் இருந்தார்.

வந்தவர்: பிறகு பார்த்தார்களா?

ஓட்டோக்காரர்: 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள், தேங்காய் உடைக்கிற மாதிரி. கடைசியாக மிஞ்சியவர்களுக்கும் சேர்த்து ஒரு சட்டம் வந்தது 2003இல். 1948இல் கேட்ட கேள்விக்கு 2003 வரைக்கும் பதில் சொல்லிக் களைத்துப்போய் இருக்கிறோம். நீங்கள் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கிறீர்கள்.

வந்தவர்: …பாலத்துக்குப் போக எவ்வளவு ஆகும் என்றீர்கள்?

ஓட்டோக்காரர்: இறங்குங்கள், முதலில் இந்தக் கல்லைப் பாருங்கள். தூண் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டு. சந்தைக்காரர்கள் அரசனிடம் போய், உங்கள் அதிகாரிகள் அநியாயமாக வரி பிடுங்குகிறார்கள் என்று முறையிட்டார்கள். அரசன் சட்டம் போட்டுக் கல்லில் வெட்டிவிட்டான். ஊர் வழியாகக் கொண்டுபோகிற சாமானுக்கு வரி இல்லை. கள்ள நிறைகல் கூடாது. போயா என்கிற பௌத்த விரத நாளில் கடை திறந்தால், மகியங்கனைக் கோவில் விளக்குக்கு எண்ணெய் தண்டம்.

வந்தவர்: ஆயிரம் வருஷமாக இங்கேயே நிற்கிறதா!

ஓட்டோக்காரர்: எங்கே? இது மகியங்கனைப் பக்கம், சொரபொர வாவியடியில் கிடந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள்.

வந்தவர்: அப்போ இதுவும் வந்ததுதானா?

ஓட்டோக்காரர்: ஆமாம். ஆனால் இதனிடம் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. ஆள் பேசாமல் நிற்கிறதல்லவா.

வந்தவர்: சரி அண்ணே, எல்லவுக்கே விடுங்கள். மீட்டர் போடுவீர்கள்தானே?

ஓட்டோக்காரர்: மீட்டர் வேலை செய்யாது தம்பி.

வந்தவர்: கள்ள நிறைகல் கூடாது என்று கல்லில் இருக்கிறதே.

ஓட்டோக்காரர்: பரவாயில்லை, வாசிக்கப் பழகிவிட்டீர்கள்.

வந்தவர்: இன்றைக்குப் போயாவும்கூட. கடை திறந்தால் எண்ணெய் தண்டம்.

ஓட்டோக்காரர்: அதற்குத்தான் தம்பி காசு முன்கூட்டியே கேட்கிறேன். போகிற வழியில் பெட்ரோல் ஷெட் இருக்கிறது, எண்ணெய் அடிக்க வேண்டும்.